முதல் கத்தி எது: சவரக்கத்தியா, ஷேவெட்டா?

மடக்குக் கத்தியால் சொந்தமாக ஷேவ் செய்து பழக நினைப்பவருக்கு முதல் குழப்பமே எதை வாங்குவது என்பதுதான். ஒரு பக்கம், தீட்டித் தீட்டி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும் பழைய பாணி சவரக்கத்தி. இன்னொரு பக்கம், பார்க்க அதே மாதிரி இருந்தாலும் பாதியாக உடைத்த பிளேடைச் செருகும் ஷேவெட். "முதலில் ஷேவெட்டில் பழகு, கை வந்ததும் கத்திக்குப் போ" என்றுதான் பலரும் சொல்வார்கள். செலவை வைத்துப் பார்த்தால் சரியான யோசனை. கன்னத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஷேவெட்டில் போடும் சாதாரண பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். கைப்பிடியும் எடையே இல்லாததுபோல் இருக்கும். எடை இல்லாததால் கை தானாக அழுத்தப் பார்க்கும். அழுத்தினால் அந்தப் பிளேடு துளியும் மன்னிக்காது. அதைவிட மோசம் அதன் மூலைகள். காதுமடலுக்குக் கீழே, மூக்கை ஒட்டி, மோவாய் வளைவில் திருப்பும்போது வெட்டுவது பெரும்பாலும் அலகு அல்ல, அந்த மூலைதான். தடித்த தனிவகை பிளேடு போடும் ஷேவெட்டுகளும் உண்டு. அவை கொஞ்சம் சாது, ஆனால் விலை கூடுதல்.

நன்றாகத் தீட்டிய சவரக்கத்தி வேறு மாதிரி. அதன் எடையே வேலையைச் செய்துவிடும். தோலுக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடித்தால் போதும். இருபுறமும் குடைந்து மெலிதாக்கிய அலகு முடியை அறுக்கும் சத்தம் காதில் விழும். கோணம் தவறினால் அந்தச் சத்தம் மாறும், சுதாரித்துக்கொள்ளலாம். முனை உருண்டையாக உள்ளதை வாங்கினால் மூலைத் தொல்லையும் கிடையாது.

பிறகு எதற்கு எல்லோரும் ஷேவெட்டைச் சொல்கிறார்கள்? பராமரிப்புதான் காரணம். ஷேவெட்டில் பழைய பிளேடைத் தூக்கிப்போட்டுப் புதியதைச் செருகினால் முடிந்தது. சவரக்கத்தியை ஒவ்வொரு ஷேவுக்கு முன்பும் தோல்வாரில் தீட்டியாக வேண்டும். வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னால் இழுபட வேண்டும். கோடிக்கு வந்ததும் முதுகின் மேல் புரட்ட வேண்டும். அவசரத்தில் கூரின் மேல் புரட்டினால் வாரும் கிழியும், கூரும் போகும். ஆரம்பத்தில் இது எல்லோருக்கும் நடப்பதுதான், அதனால் முதல் வார் மலிவானதாக இருக்கட்டும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை சாணைக்கல்லும் தேவைப்படும். இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிவதால் கோணத்தை நாம் கணக்குப் போட வேண்டியதில்லை, கத்தியே பார்த்துக்கொள்ளும். கூர் செத்துப்போன கத்தியை 1000 எண் கல்லில் தொடங்கி 8000, 12000 என்று ஏற்ற வேண்டும் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்). அதைப் பழகும்வரை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. புதிதாக வாங்கிய கத்தி ஷேவுக்குத் தயாராகவே வரும் என்றும் நம்ப முடியாது. தீட்டித் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். அழகு காட்டும் மலிவுக் கத்திகள் சிலவற்றில் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்பதில்லை. அப்புறம், கார்பன் ஸ்டீல் என்றால் ஈரம் துளியும் இருக்கக்கூடாது, துரு பிடித்துவிடும்.

சுத்தம் என்று பார்த்தால் ஷேவெட்டுக்கே என் ஓட்டு. ரத்தம் வழியே நோய் தொற்றலாம் என்பதால் சவரக்கத்தியை இன்னொருவரோடு பகிரவே கூடாது.

எனவே, வெறும் ஆசைக்குத் தொட்டுப் பார்ப்பவர் ஷேவெட்டே வாங்கலாம், பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. இதில்தான் இருக்கப்போகிறேன் என்று முடிவெடுத்தவர் 5/8 அங்குல அகலத்தில், உருண்டை முனையோடு, தீட்டிய சவரக்கத்தியிலேயே தொடங்கட்டும். ஷேவெட்டில் பயந்துபோய் மொத்தமாக விட்டவர்கள் நிறைய.

எதை எடுத்தாலும் வெந்நீரில் குளித்த கையோடு, நுரை நன்றாக ஊறிய பிறகு, கிருதாவிலிருந்து தாடைவரை முடி வளரும் திசையில் கன்னத்தை மட்டும் எடுங்கள். மறுகையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளலாம். எதிர் ஷேவ் இப்போதைக்கு வேண்டாம். ஷேவெட்காரர்கள் மேலுதட்டை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். படிகாரக் கட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.