11 சாக்கு, ஒரே தோட்டத்து மஞ்சள்: காந்தியின் அணுகுண்டு பற்றிய கட்டுரைக்கு ஒரு ரிவ்யூ

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமா, சிவிலைசேஷன்னு ஒரு கேம் தெரியுங்களா? அதுல காந்தி அணுகுண்டு போடுவாருங்க" என்றான். செமினாரில் இதைத்தான் பேசப் போகிறானாம். எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, "கலைக்களஞ்சியத்துலயே இருக்குதுங்க, 11 ஆதாரம் போட்டிருக்காங்க" என்று போனை நீட்டினான்.

நான் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் 19 வருஷமாக சாம்பிள் பார்க்கிறவன். பாலிஷ் போட்டால் எல்லா விரலியும் வெளியே பொன்னாகத்தான் மின்னும். ஒடித்தால்தான் உள் நிறம் தெரியும். அன்று ராத்திரி அந்த 11 அடிக்குறிப்புகளையும் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன். எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற தளம் அது. நாளைக்கே எவராவது திருத்திவிட்டால் நான் புளுகியதாக ஆகிவிடும்.

கட்டுரையின் முன்பாதி நன்றாகவே இருக்கிறது. 1991-ல் மைக்ரோபுரோஸ் கம்பெனி வெளியிட்டது, வடிவமைத்தவர்கள் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும், இந்தியாவுக்குத் தலைவர் காந்தி என்பதெல்லாம் விளையாட்டோடு வந்த கையேட்டிலிருந்தும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலிருந்தும் எடுத்தவை. சரக்கு சுத்தம். இந்தப் பாதிக்கு மேலே பேச ஒன்றுமில்லை.

காந்தி பகுதிக்கு வந்ததும்தான் கை கூசியது. அங்கே சொல்லும் கதை இது: ஒவ்வொரு தலைவருக்கும் ஆக்ரோஷத்துக்கு ஓர் எண் உண்டு, காந்திக்கு 1. நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் அதில் 2 குறையும். 1-லிருந்து 2 போனால் கம்ப்யூட்டருக்குக் கழித்தல் கணக்கு தெரியாமல் 255-க்குத் தாவிவிடும். பழைய ஸ்கூட்டர் மீட்டரைப் பின்னால் சுற்றினால் பூஜ்ஜியம் தாண்டி 99999 வருமே, அந்த மாதிரி. அகிம்சைவாதி உடனே குண்டைத் தூக்கிவிடுவார்.

கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதிக்குப் போட்ட 11 இணைப்புகளும் விளையாட்டுச் செய்தித் தளங்கள். ஒன்று இன்னொன்றைக் கைகாட்டுகிறது, அது மூன்றாவதைக் கைகாட்டுகிறது. எல்லாவற்றிலும் அதே 1, அதே 2, அதே 255, அதே வரிசை. நிரலைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை, எழுதியவரிடம் கேட்டவரும் இல்லை. சிவகிரிப் பக்கம் ஒரே தோட்டத்து மஞ்சளை 11 சாக்கில் கட்டி, 11 பேர் பெயரில் இறக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

இந்தக் கதை எழுத்தில் முதலில் தலைகாட்டுவது 2012-ல், இதே போல் யாரும் எழுதலாம் என்கிற இன்னொரு தளத்தில். விளையாட்டு வந்ததோ 1991. நடுவில் 21 வருஷம் ஒருவர் கண்ணிலும் படாத பிழையா? கட்டுரை எழுதியவருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நல்ல மூலம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சிட் மையர் 2020-ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பு நூலில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று மறுத்திருக்கிறார். எண்ணை 'அன்சைன்ட்', அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாத எண் என்று வைத்தால்தான் இந்தத் தாவல் வரும், தலைவர்களின் குணத்துக்கு நான் அப்படி வைக்கவில்லை என்கிறார். தோட்டக்காரர் தன் மஞ்சளைப் பற்றிச் சொல்வதை நான் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டேன்தான். ஆனால் இரண்டாம் பாகத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸும் அதையே சொல்கிறார். ஆக்ரோஷத்துக்கு மொத்தமே மூன்று படிகள்தான், காந்தி இருந்த அடிப்படியில் தலைவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் இருந்தார்கள், 255 என்று வைத்தாலும் 3 உள்ளவர் மாதிரிதான் நடந்துகொள்வார் என்கிறார். இந்த இரண்டு பேரின் பெயரும் காந்தி பகுதியில் இல்லை.

அக்கா மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப காந்தி மிரட்டுனது பொய்யிங்களா மாமா?" என்றான். பொய்யில்லை. அணு ஆயுதம் கைக்கு வந்தால் அந்த விளையாட்டில் எல்லாத் தலைவர்களும் மிரட்டுவார்கள். காந்தி வாயிலிருந்து வந்ததால் ஆட்களுக்கு அது மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து: 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஜான் ஷேஃபர் என்ற வடிவமைப்பாளர், வழக்கமாக 10-க்குள் நிற்கும் அணுகுண்டு விருப்ப எண்ணைக் காந்திக்கு மட்டும் 12 என்று வேண்டுமென்றே வேடிக்கையாக வைத்தார். இது நிஜம். கட்டுரையோ இந்த நிஜத்தையும் 1991 கட்டுக்கதையையும் ஒரே பத்தியில் கலந்து கட்டியிருக்கிறது. நல்ல விரலியோடு சொத்தைக் கிழங்கைச் சேர்த்த மாதிரி. வாங்குகிறவன் எதை நம்புவான்?

5-க்கு 2 தருகிறேன். அந்த இரண்டும் முன்பாதிக்கு. விளையாட்டு எப்போது வந்தது, யார் செய்தது என்று தெரிய வேண்டுமானால் தாராளமாகப் படிக்கலாம். காந்தி பகுதியைத் தொட வேண்டாம்.

செமினார் புதன்கிழமை முடிந்துவிட்டது. பையன் தலைப்பை மாற்றவே இல்லை. 255 இருந்த ஸ்லைடை மட்டும் எடுத்துவிட்டு 12 போட்டானாம். "யாருமே ஆதாரம் கேக்கலீங்க மாமா" என்றான், கொஞ்சம் வருத்தத்தோடு.