மிதவை சுவிட்ச்: பத்து மாவுங்கில் மூன்று வருடம்

எங்களுடையது 18 அடி பைபர் படகு. மேலே கூரை கிடையாது. பினாங்கில் பத்து மாவுங் பக்கம் கட்டிக் கிடக்கும். நானும் மச்சானும் வாரம் ஒருமுறை ஜெரெஜாக் தீவைச் சுற்றித் தூண்டில் போடப் போவோம். மற்ற ஆறு நாளும் படகுக்குக் காவல், பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்பும், தண்ணீர் ஏறினால் அதை எழுப்பிவிடும் மிதவை சுவிட்சும்தான்.

50 மில்லிமீட்டர் மழை பெய்தால் எங்கள் படகுக்குள் 500 லிட்டர் விழும். அரை டன். அத்தனையும் எஞ்சின் தொங்கும் பின்பக்கத்துக்கே ஓடி நிற்கும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வரும் மழைக்கு இது பெரிய வேலையே இல்லை.

முதல்முறை வயரிங் நானேதான் செய்தேன். பம்பின் நெகட்டிவ் வயர் நேராக பேட்டரிக்கு. பாசிட்டிவ் வயரின் நடுவே மிதவை சுவிட்ச். இவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆனால் அந்த பாசிட்டிவை மெயின் சுவிட்சுக்குப் பிறகு எடுத்திருந்தேன். கரைக்கு வந்ததும் வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். இரண்டு நாள் மழை. திரும்பி வந்தபோது பெட்ரோல் டின் உள்ளே மிதந்துகொண்டிருந்தது.

பக்கத்துப் படகு அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். வயரைக் கையால் தடவிக்கொண்டே போய்விட்டுச் சிரித்தார். "ஏன் தம்பி, வீட்டைப் பூட்டுறப்ப ஜாகாவையும் சேர்த்தா வீட்டுக்கு அனுப்புவே?" ஜாகா என்றால் காவல்காரர். மெயினை அணைத்தபோது பம்புக்கும் கரண்ட் போய்விட்டிருந்தது.

அன்றே மாற்றினோம். பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ். அங்கிருந்து இரண்டு கிளை. ஒன்று மிதவை சுவிட்ச் வழியாகப் பம்புக்கு, மெயினைத் தொடாமல். இன்னொன்று ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை சுவிட்ச் வழியாக அதே பம்புக்கு. மிதவை செத்தாலும் கையால் தட்டிவிடலாம். பியூஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை: கையில் இருந்தது 15 ஆம்பியர், அதைத்தான் முதலில் போட்டிருந்தேன். பம்பின் உடம்பில் அச்சிட்டிருக்கும் அளவைத்தான் போடவேண்டும். உள்ளே குப்பை மாட்டி மோட்டார் சுற்றாமல் நின்றால் கரண்ட் கூடும். பெரிய பியூஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும், மோட்டாரும் வயரும் கருகும்.

அடுத்த ஏழு மாதம் நிம்மதி. பிறகு ஒருநாள் மிதவையைத் தூக்கினால் பம்ப் முனகியது, ஓடவில்லை. சுவிட்ச் போய்விட்டது என்று நினைத்து 65 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புதிது வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, சுவிட்சுக்கு ஒன்றும் இல்லை. நான் கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்டுக்குள் தாமிரம் பச்சைத் தூளாகிக் கிடந்தது. பில்ஜ் தண்ணீர் உப்புத் தண்ணீர். மிதவைக்குப் போகும் வயரிலோ எந்நேரமும் கரண்ட் நிற்கிறது. உப்புநீரில் நனைந்த பாசிட்டிவ் தாமிரம் கரைந்துகொண்டே இருக்கும். டேப் அதைக் காக்காது, நம் கண்ணிலிருந்து மறைக்கத்தான் செய்யும்.

ஆகவே ஜாயிண்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்வேன். வெள்ளீயம் பூசிய வயர் வாங்குங்கள், விலை கூடுதல்தான். சூடு காட்டினால் சுருங்கி, உள்ளிருக்கும் பசை உருகி மூடிக்கொள்ளும் கனெக்டரைப் போடுங்கள். போட்ட ஜாயிண்டைப் பில்ஜில் விடாமல், சுவிட்சோடு வரும் வயர் எட்டும் அளவுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். நான் அப்படிச் செய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் வெட்டிப் பார்த்தேன், உள்ளே தாமிரம் புதிது மாதிரி இருந்தது. வெட்டியதற்கு மச்சான் திட்டினார், அது வேறு கதை.

நடுவில் ஒருமுறை பேட்டரி அடியோடு இறங்கியது. தூண்டில் நரம்பு ஒரு துண்டு மிதவைக்கடியில் சுருண்டு, அதைக் கீழே இறங்கவிடாமல் பிடித்திருந்தது. பம்ப் குடிப்பது 2 ஆம்பியர்தான். ஆனால் தண்ணீரே இல்லாமல் ஒன்றரை நாள் ஓடினால் 70 ஆம்பியர்-மணி பேட்டரி காலி. இப்போது அந்த மிதவைக்கு மூடி போட்டு வைத்திருக்கிறேன். அதிலும் மீன் செதிள் நுழையும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது. கழுவிய பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். விரலால் தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது.

இன்னொரு தொல்லை, பம்ப் நின்றதும் ஹோஸில் மிஞ்சிய தண்ணீர் திரும்பி வந்து மிதவையை மறுபடி தூக்கிவிடும். பம்ப் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவழி வால்வு போடச் சொன்னார்கள். குப்பை மாட்டினால் அதுவே அடைத்துக்கொள்ளும் என்பதால் போடவில்லை. பழைய காய்கறி வெட்டும் பலகையிலிருந்து ஒரு துண்டை அறுத்து, மிதவையை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கிறது, ஆனால் பம்ப் அடங்கிவிட்டது.

அன்று அவசரப்பட்டு வாங்கிய 65 வெள்ளி சுவிட்சுதான் இன்றும் ஓடுகிறது. பழையதைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கொரு பம்ப் வாங்கி, கொஞ்சம் மேலே இரண்டாவதாக மாட்டலாமா என்று மச்சான் கேட்கிறார். தனி பியூஸ் போடுவதாக இருந்தால் சரி என்றேன்.