மெமரி ஃபோம் என்று விற்ற பூனைப் படுக்கைக்குள் இருந்தது என்ன தெரியுமா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் அவசியம் படியுங்கள். வட்டமான கிரீம் நிறப் படுக்கை, பிரவுன் விளிம்பு, ஜிப் கிடையாது, சுற்றிலும் தைத்து மூடியிருப்பார்கள். அதை வாங்கித்தான் எங்கள் கண்ணம்மாவை இழக்கப் பார்த்தோம்.

அவளுக்குப் பத்து வயது. இந்த மழைக்காலத்தில் பின்னங்கால் விறைத்துக்கொண்டு கட்டிலில் ஏறவே திணறினாள். மூட்டுத் தேய்மானம், வெறும் தரையில் படுக்க விடாதீர்கள், விளிம்பு தாழ்வாக உள்ள மெத்தை போடுங்கள் என்றார் டாக்டர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கேட்டேன். "இது மெமரி ஃபோம்க்கா, மூட்டு வலிக்குன்னே வர்றது" என்று எடுத்துக் கொடுத்தார்கள். 1,850 ரூபாய். அவளுக்காகத்தானே என்று பேரம்கூடப் பேசவில்லை.

பத்தே நாளில் நடுவில் பள்ளம் விழுந்தது. கையை வைத்து அழுத்தினால் டைல்ஸ் தட்டுப்பட்டது. விளிம்புத் தையலும் பிரிய ஆரம்பித்தது. அவள் அதை நகத்தால் இழுத்து விளையாடுவதைப் பார்த்தும் நான் சும்மா இருந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வாயில் எச்சில் ஒழுக மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேகவைத்த மத்தியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடியில் வெள்ளை நைலான் நூல் சுற்றிக்கொண்டு தொண்டைக்குள் போயிருந்தது. இழுக்கப் போனேன். நல்லவேளை, அதற்குள் என் கணவர் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். "இழுத்துடாதீங்க, அப்படியே தூக்கிட்டு வாங்க" என்றார்.

பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. நூல் மாட்டினால் அதனால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொள்ள, குடல் மறுமுனையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குமே, அதுபோல் குடல் சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும். வெளியிலிருந்து நாம் இழுத்தாலும் அதே கதைதான். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இழுக்கக் கூடாது.

டாக்டர் நாக்கடியில் நூலை வெட்டிவிட்டு, எக்ஸ்ரே எடுத்து, இரண்டு நாள் டிரிப்ஸில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் மலத்தோடு நூல் வந்தது. முழ நீளம் இருந்தது. வராவிட்டால் வயிற்றைத் திறந்திருக்க வேண்டும். செலவு 6,400 ரூபாய்.

அன்று ராத்திரியே படுக்கையைக் கத்தரியால் பிரித்தேன். மஞ்சள், ரோஸ், சாம்பல் என்று கலர் கலராக ஸ்பாஞ்சுத் துண்டுகள், பனியன் வெட்டுத்துணி, கொத்துக் கொத்தாக நைலான் நூல், ஒரு பேக்கிங் டேப் துண்டு. மெமரி ஃபோமை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தடம் மெல்லத்தான் எழும். இதில் அப்படிப்பட்ட துண்டு ஒன்றுகூட இல்லை.

மறுநாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். "வர்ற சரக்கை விக்கிறோம், உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பூனை கடிச்சதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்கள். கையால் எழுதிய துண்டுச்சீட்டில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று முத்திரை வேறு. வாடிக்கையாளரிடம் இப்படியா பேசுவது?

அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. நான் போனது இருபத்து மூன்றாம் நாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் சரிவராவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பையில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை என்பதை வாங்கும்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது கண்ணம்மா படுப்பது இலவம்பஞ்சு மெத்தையில். மஞ்சக்குப்பத்தில் மெத்தை தைப்பவரிடம் பக்கத்தில் நின்று பஞ்சைப் பார்த்துத் தைத்து வாங்கினேன், 400 ரூபாய். உறையைக் கழற்றித் துவைக்கலாம், மேலே என் பழைய காட்டன் புடவை. அப்புறம், பூச்சி வரக்கூடாதென்று பாச்சை உருண்டை மட்டும் அடியில் போட்டுவிடாதீர்கள். அது பூனைக்கு விஷம். கடையில்தான் வாங்குவேன் என்றால் ஜிப் உள்ளதாகப் பாருங்கள், அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள்.

முதலில் சொன்ன அந்தக் கிரீம் நிறப் படுக்கை உங்கள் வீட்டில் இருந்தால், காலை வரை காத்திருக்காமல் இப்போதே பூனைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.