பில் தராத ஆஸ்பத்திரி

பதினோரு வருஷம் கழித்து மொரீஷியஸ் போனேன். காத்ர் போர்னில் அக்கா வீடு. மூன்றாம் நாளே ஆஸ்பத்திரி வாசம்.

தால் பூரி வாங்க ஸ்கூட்டரில் போன மருமகன் தூறலில் சறுக்கி விழுந்தான். கஸ்க் (ஹெல்மெட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) முழங்கையில் தொங்கியிருக்கிறது. அங்கேயும் அது கட்டாயம்தான். போலீஸ் நிற்கும் மெயின் ரோட்டில் தலைக்கு ஏறும், சந்துக்குள் முழங்கைக்கு இறங்கும். 2015-இல் நீதிமன்றமே கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகும் சென்னையில் நான் பார்க்கிற கூத்துதான்.

யாரோ 114-ஐ அழைக்க, சாமு (அங்கே அரசின் அவசர மருத்துவ சேவை) ஆம்புலன்ஸ் வந்தது, உள்ளே டாக்டரோடு. நெற்றியில் ஏழு தையல், மணிக்கட்டில் முறிவு. நான் கார்டும் கையுமாகப் பணம் கட்டும் கவுண்டரைத் தேடினேன். முன்பணம் கட்டாமல் லிஃப்ட்கூட நகராத தனியார் ஆஸ்பத்திரிகளில் பழகியவன் ஆயிற்றே! அக்கா சிரித்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து எதற்கும் பில் கிடையாது. ஆனால் எக்ஸ்ரேக்கு மட்டும் நாலு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. பாதி தமிழ், பாதி அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்.

"என் தலை, என் இஷ்டம் மாமா."

"தையல் போட்டது யார் காசுடா?"

கடைக்குக் கடை 15 சதவீத வாட் கட்டுகிற எல்லோருடைய காசும்தான். அவன் சளைக்கவில்லை. "நீங்க டீல மூணு ஸ்பூன் சர்க்கரை போடுறீங்களே, அது யார் காசு?" பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் தீவு அது, சரியான அடி. 2013 முதல் குளிர்பானத்தில் உள்ள சர்க்கரைக்கு கிராம் கணக்கில் வரி போடுகிறார்களே என்று சமாளித்துப் பார்த்தேன். எடுபடவில்லை. நல்ல ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதம் குறைக்கும் என்ற ஆய்வுக் கணக்கைச் சொன்னேன். கொட்டாவி விட்டான்.

காசுக் கணக்கில் அவனை மடக்க முடியாது என்று அப்போது புரிந்தது. அப்புறம்தான் அந்தப் பாட்டி ஞாபகம் வந்தார். காலில் சர்க்கரைப் புண், காலையிலிருந்து வரிசையில் இருந்தவர். ஆம்புலன்ஸில் வந்த இவனை அவருக்கு முன்னால் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் வெளியே வந்தபோதும் அதே பெஞ்சில்தான் இருந்தார். அதைச் சொன்னதும் அவன் பேசவில்லை. கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கிளம்பிய அன்று ஸ்கூட்டரை எடுத்தது அவன் தம்பி. கஸ்க் தலையில்தான் இருந்தது. வார் மாட்டவில்லை. வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.