சிரவணபெளகொளா ஒருநாள் பயணம்: சந்திரகிரிக்கு முதலிடம், தமிழ் வரிக்கு இடமில்லை

பெங்களூரிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சமணத் தலமான சிரவணபெளகொளாவுக்குச் சுற்றுலா வண்டிகளில் முன்பு இரண்டு முறை சென்றிருக்கிறேன். இரண்டு முறையும் பெரிய குன்றான விந்தியகிரியில் ஏறி, அங்குள்ள பெருஞ்சிலையான கோமடேசுவரரை வணங்கி, படமெடுத்துக்கொண்டு, உடனே பேலூருக்குப் புறப்பட்டுவிட்டோம். சென்ற மாதம் அல்சூரிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பிய இந்த வரலாற்றுப் பயணத்திலோ, எதிரேயுள்ள சிறிய குன்றான சந்திரகிரிக்கு முதலில் அழைத்துச் சென்று, இரண்டரை மணி நேரம் அங்கேயே நிறுத்தினார்கள். சமணத்தின் தென்னகக் கதையைத் தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடமில்லை.

வடக்கே பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரப்போவதை முன்னுணர்ந்த பத்திரபாகு என்னும் சமண முனிவர் தம் துறவியர் கூட்டத்துடன் தெற்கே வந்தார் என்பதும், முடிதுறந்த சந்திரகுப்த மௌரியர் இக்குன்றில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்பதும் நெடுங்கால மரபு. ஆனால் அந்தப் பஞ்சத்தையும் இடப்பெயர்வையும் சொல்லும் இங்குள்ள பழைய கல்வெட்டு கி.பி. 600 அளவினது, அதாவது மௌரியர் காலத்துக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிந்தியது. மரபு எது, கல்வெட்டுச் சான்று எது என்று வழிகாட்டி பிரித்துச் சொன்ன நேர்மைக்காகவே இப்பயணத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன். சல்லேகனை என்னும் உண்ணாநோன்பிருந்து மறைந்தவர்களின் நினைவு வரிகளைப் பாறையில் ஒவ்வொன்றாகக் காட்டியபோது, செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும், நம் சங்கப் பாடல்கள் சொல்லும் வடக்கிருத்தலும் என் நினைவுக்கு வந்தன.

மதிய உணவு எளிமையானது. வெங்காயமும் பூண்டும் மட்டுமன்றி உருளைக்கிழங்கும் சேர்க்கப்படவில்லை. கிழங்கைத் தோண்டுவதால் மண்ணிலுள்ள உயிர்கள் மாளும் என்ற சமண நெறியைப் பரிமாறியவரே விளக்கினார். சுவையில் குறையில்லை.

பிற்பகலில் விந்தியகிரி. கங்க மன்னரின் அமைச்சர் சாமுண்டராயர் கி.பி. 981 அளவில் ஒரே கல்லில் எழுப்புவித்த, சுமார் 57 அடி உயரமுள்ள அந்தக் கோமடேசுவரர் உருவத்தின் காலடியில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம் நேர்ந்தது. சாமுண்டராயர் இதைச் செய்வித்த செய்தி அங்கே கன்னடம், தமிழ், மராத்தி ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டி கன்னட வரியையும் மராத்தி வரியையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்' என்று கிரந்தத்திலும் வட்டெழுத்திலும் அமைந்த தமிழ் வரியைச் சுட்டிக்கூடக் காட்டவில்லை. குழுவில் பாதிப்பேர் பெங்களூர்த் தமிழர்கள். நான் அதைப் படித்துச் சொன்னதும் அத்தனை பேரும் மீண்டும் கம்பியருகே வந்து குனிந்து பார்த்தார்கள்.

மாலையில் பண்டாரி பசதி என்னும் சமணக் கோயிலில் 1368ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் காட்டினார்கள். சமணர்களுக்கும் வைணவர்களுக்கும் மூண்ட பூசலில், இரு சமயங்களுக்கும் வேற்றுமையில்லை என்று விஜயநகர மன்னர் புக்கராயர் தீர்ப்பளித்ததை அது சொல்கிறது. அதில் திருவரங்கத்து வைணவர்களும் இடம்பெறுவதால், இங்கும் தமிழகத் தொடர்பைச் சொல்லியிருக்கலாம். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியிருந்ததால் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

ஆளுக்கு 1,800 ரூபாய் என்பது நியாயமான கட்டணமே. விந்தியகிரியின் 650 படிகளையும் செருப்பின்றியே ஏற வேண்டும். பிற்பகலில் பாறை கொதிக்கும் என்பதால் தடித்த காலுறை கட்டாயம். தமிழ் வரியைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பயணத்தில் படிப்பதாக ஏற்பாட்டாளர் சொன்னார்.