முட்டி வலிக்கு மாத்திரை கேட்டேன், தரவில்லை: எங்கள் ஊர் மருந்துக்கடை

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மார்க்கெட் பக்கம் நடந்தால், ரொட்டி சானாய் போடும் கடைக்கு மூன்று கடை தள்ளி ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் மருந்தாளர் பிள்ளை பெயரெல்லாம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

நான் 31 வருடம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவன். அதற்கு முன்னால், தீம்பாறு போடுவதற்கு (பழைய மரத்தை அழித்துச் செம்பனை நடுவதற்கு) முன், அதே தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் (ரப்பர்) சீவப் போயிருக்கிறேன். வயது இப்போது 64. வலது முட்டி தேய்ந்துவிட்டது. மழை வந்தால் தோளும் சேர்ந்துகொள்ளும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கடையின் அருமை தெரியும். அப்போது வேறொரு கடையில் (எந்தக் கடை என்பது இப்போது வேண்டாம்) டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கேட்ட மாத்திரத்தில் அட்டை அட்டையாக எடுத்து நீட்டினார்கள். யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. வலி பறந்துவிட்டது. நானும் மூன்று வாரம் விடாமல் போட்டேன். ஒரு நாள் காலையில் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. கீரை சாப்பிட்டதால் இருக்கும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் குளியலறையில் மயங்கி விழுந்து, வார்டில் ஐந்து நாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம்.

அதனால் இந்தத் தடவை உஷாராக, "வயிற்றைக் கெடுக்காத வலி மாத்திரையா பார்த்துக் கொடும்மா" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை மாத்திரையை எடுக்கவில்லை. "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க அங்கிள்? கிளினிக்ல கொடுத்த பை இருக்கா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்க வந்தவனிடம் என்ன விசாரணை? ஆனாலும் மோட்டார் சைக்கிள் கூடையில் பை இருந்தது, எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அப்புறம் நடந்தது அரை மணி நேரப் பாடம். கடையில் ஒரே ஒரு நாற்காலி, அதில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே சொன்னார்.

வலிக்கிற முட்டியில் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருளைச் செய்து வெளியே விடுகின்றன. அது வலி நரம்பின் முனையைத் தீட்டிவிடுகிறது, சாதாரணமாகக் காலை மடக்கினால்கூட வலிக்கும். ரத்தக் குழாயை விரித்து வீங்கவும் வைக்கும். "பால்மரத்தைச் சீவினால் பால் வருகிற மாதிரியா?" என்று கேட்டேன். அவருடைய பாட்டியும் பால்வெட்டுக்குப் போனவராம், அதனால் கேள்வி புரிந்தது. "இல்ல அங்கிள், பால் மரத்துக்குள்ள முன்னாடியே இருக்கு. இது இருப்பிலேயே கிடையாது. அடிபட்ட பிறகு, செல்லைச் சுத்தி இருக்கிற கொழுப்பை எடுத்து அப்பவே செய்யும்" என்றார். செய்த இடத்திலேயே வேலையை முடித்துவிட்டு நிமிடக்கணக்கில் அழிந்தும் போகுமாம். ரத்தத்தில் ஏறினாலும் நுரையீரலைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

இதைச் செய்யும் நொதிகள் இரண்டு, காக்ஸ்-1, காக்ஸ்-2. நான் அதை எங்கள் தோட்டக் கணக்கில்தான் புரிந்துகொண்டேன். முதலாவது செக்ரோல் ஆள் (நிரந்தரப் பேர்ப்பதிவில் இருப்பவன்), மழையானாலும் வெயிலானாலும் தினமும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு வந்து நிற்பவன். இரண்டாவது கொந்தராக் (ஒப்பந்த) ஆள், காயம், வீக்கம் என்று வேலை கூடும்போது கூட்டமாக வந்து இறங்குபவன். வயிற்றில் தினமும் வேலை செய்வது செக்ரோல் ஆள். அவன் செய்யும் புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றுச் சுவருக்குச் சளி போலப் பூச்சுப் பூசி, அமிலத்தைக் குறைத்து, ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. டைக்லோஃபெனாக் இரண்டு பேரையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. பூச்சு போனால் நம்முடைய அமிலமே நம் வயிற்றை அரிக்கும்.

"சாப்பிட்டுவிட்டுத்தானேம்மா போட்டேன்?" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னைத் தூக்கிப் போட்டது. மாத்திரை வயிற்றுச் சுவரைத் தொட்டு எரிப்பது சின்ன விஷயமாம். அது ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, வயிற்றுக்கு வரும்போதுதான் பெரிய கெடுதல். ஆகவே சாப்பிட்ட பிறகு போட்டாலும் ஆபத்து போய்விடாது, ஊசியாகக் குத்திக்கொண்டாலும் போய்விடாது. எங்கள் லயத்தில் பாதிப் பேர் "ஊசி போட்டுக்கோ, வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கொந்தராக் ஆளை மட்டும் நிறுத்தும் மாத்திரைகளும் உண்டு, செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் மாதிரி. வயிற்றுக்குக் கொஞ்சம் நல்லது. ஆனால் ரத்தக் குழாயை விரித்து வைத்து, ரத்தம் கட்டாமல் காப்பதும் இந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றுதான். அதுவும் குறைந்துபோய், ரத்தத்தைக் கட்ட வைக்கும் பங்காளி மட்டும் மிஞ்சினால் மாரடைப்புக்கு வழி. இதே வகையான வயாக்ஸ் என்ற மாத்திரையை 2004-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது இருதய ஆபத்தால்தான்.

சரி, எனக்கு ஏன் அதையும் தரவில்லை? பைக்குள் இருந்த பெரிண்டோபிரில், கூடவே நீர் போகும் மாத்திரை. ரத்தக்கொதிப்புக்குக் கிளினிக்கில் தருவது. சிறுநீரகத்தில் வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயைத் திறந்து பிடிப்பது புரோஸ்டாகிளாண்டின். பெரிண்டோபிரில் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது, இன்னொன்று உடம்பிலிருந்து நீரை இறக்குகிறது. இதற்கு மேல் வலி மாத்திரை போட்டு உள்குழாயையும் சுருக்கினால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது, சிறுநீரகம் நின்றுபோகலாம். இந்த வகையில் எந்த வலி மாத்திரையை மாற்றிப் போட்டாலும் சிறுநீரகத்தில் இந்தத் தொல்லை தீராது, அங்கே செக்ரோல், கொந்தராக் இரண்டு பேரும் தினமும் வேலையில் இருக்கிறார்கள் என்றார். இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) வேறு எனக்கு இருக்கிறது. இத்தனையையும் ஒரு பையைப் பார்த்துச் சொல்ல முடியும் என்றால், மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கடையிலும் யாராவது பார்த்திருக்கலாமே.

கடைசியில் கொடுத்தது பாராசிட்டமோல், ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது என்ற எச்சரிக்கையோடு. முட்டியில் தேய்க்க ஒரு ஜெல், அதிலும் டைக்லோஃபெனாக்தான், ஆனால் ரத்தத்தில் ஏறுவது ரொம்பக் கொஞ்சம். அதையும் அளவோடுதான் தேய்க்க வேண்டும், அடுத்த தடவை கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். வலி சுத்தமாகப் போய்விட்டதா என்றால், இல்லை. பாதி குறைந்தது. படி ஏற முடிகிறது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி ஜாமு (மலாய் நாட்டு மருந்து) ஒரு பாக்கெட்டும் என் பைக்குள் கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண் இல்லை. இப்படிப்பட்டவற்றில் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பது மலேசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபட்ட விஷயம். ஸ்டீராய்டு தலைவாய்க்காலையே அடைக்கிறது, கொழுப்பு கழன்று வருவதையே தடுத்துவிடும். அதனால்தான் "ஒரே நாளில் குணம்". பின்னால் முகம் வீங்கும், இனிப்புநீர் ஏறும். எனக்கு சர்க்கரை 14 காட்டிய மாதம் எது என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

என் மனைவிக்குக் கண் அழுத்தம் உண்டு. லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து, ராத்திரி ஒரு சொட்டு. திறக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று இந்தக் கடையில்தான் சொன்னார்கள், அதுவரை சாமி மேடைப் பக்கத்தில் வைத்திருந்தோம். அந்தச் சொட்டு மருந்தே புரோஸ்டாகிளாண்டின் வகை. கண்ணுக்குள் தேங்கும் நீரை வடிய வைக்கிறது. நான் எதை நிறுத்தச் சொல்லிக் கடைக்குப் போனேனோ, அதன் தம்பியை அவள் காசு கொடுத்து வாங்கி ஊற்றிக்கொள்கிறாள்! இமை முடி நீளமாக வளர்வதும் அதனால்தானாம். அறுபது வயதில் மை வைத்த மாதிரி இருக்கிறாள். பேத்திக்கு மாதாமாதம் வரும் வயிற்று வலிக்கும், கருப்பையைச் சுருக்கி வலிக்க வைக்கும் இதே கூட்டம்தான் காரணம். பெயரோ ஆண்களுக்கு மட்டும் இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியை வைத்து வந்தது. 1935-ல் சுவீடன்காரர் உல்ஃப் வான் ஆய்லர் விந்துநீரில் கண்டு, அந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார். பேரன் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கார் நிறுத்த இடமே இல்லை. ஈப்போ கடைகளைவிட ஜெல் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். கல்லாவில் நிற்கும் பையன் ஆள் தவறாமல் மூட்டுக்கு என்று விற்கும் 120 வெள்ளிக் குளுக்கோசமைன் சத்து மாத்திரை டப்பாவை நீட்டுகிறான். மருந்தாளர் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியபோது எனக்கும் நீட்டினான். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பூட்டு, வாசலில் அறிவிப்புக்கூட இல்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், அந்த ஒன்றைப் பிடித்தது குளுக்கோசமைனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்கு லீவு. அன்றைக்குக் கடை திறந்திருந்தாலும் பிளாஸ்திரியும் டயப்பரும் மாதிரிச் சாமான்தான் கிடைக்கும், டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை கேட்டால் தர மாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் போங்கள், கிளினிக் மருந்துப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு.