தகரப் பாத்தியா, நீல டிரம்மா? கடற்காற்றில் ஒரு கணக்கு

காய்கறி வளர்க்க, சுற்றிலும் தடுப்பு வைத்து மண் நிரப்பும் மேட்டுப்பாத்தி வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடித்து இரண்டு வருடத்துக்குள் கொப்புளம் கிளம்பி உதிர்கிறது என்றால், தகரப் பாத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியை அந்தக் கம்பியே சொல்லிவிட்டது. எங்கள் வீடு வட சென்னையில், திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில், கடலுக்குப் பத்து நிமிட நடை. தங்கை வீடு கடலைவிட்டு உள்ளே தள்ளி, மாதவரத்தில். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரியான நெளிதகரப் பாத்தியை வாங்கினோம். மூன்று வருடம் ஆனது. அவளுடையது நேற்று வாங்கியது போல நிற்கிறது. என்னுடையதன் அடிவிளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

தகரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கடையில் அது இரண்டு வகை. ஒன்று, இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் மட்டும் பூசிய தகடு; கடையில் ஜி.ஐ. என்பார்கள். மற்றொன்று, 55 விழுக்காடு அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்து பூசியது. கூரைக் கடைகளில் கால்வலூம் என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஜி.ஐ. தகட்டில் பூச்சின் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் என்றால் பக்கத்துக்கு எட்டரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு, 275 கிராம் என்றால் இருபது மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. கடலோரக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 2 முதல் 8 மைக்ரான் வரை கரையும் என்பது உலோக அரிப்புக்கான சர்வதேசத் தர அளவீடு ஐ.எஸ்.ஓ. 9223 தரும் கணக்கு. மலிவான தகட்டின் பூச்சு ஒன்றிலிருந்து நான்கு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். கனமான பூச்சு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். நான் வாங்கியது எந்த வகை என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. கேட்கத் தோன்றாதது என் பிழை.

உப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் உவர்ப்புதான். மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் வந்தபின் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை என்றாலும், செடிக்கு யார் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அடிக்கிறோம். அது தகட்டின் உட்புறத்தை நனைத்தபடியே இருக்கிறது. என் பாத்தியில் இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கீழ்மூலையில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் பொடி படிந்தது. உரப்பொடி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துத்தநாகம்தான் அப்படி வெள்ளையாகப் பொரிந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்த கோடையில் அதே இடத்தில், தட்டோட்டின் மேல் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வளையம்.

கால்வலூம் இந்தக் காற்றில் ஜி.ஐ.யைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு உழைக்கும். ஆனால் அதற்கு ஒரு பத்தியம் உண்டு: சுண்ணாம்பு, ஈரச் சிமென்ட், அரைகுறையாக மக்கிய சாண எரு ஆகியவை அதற்கு ஆகாது. உள்ளே தடித்த பாலித்தீன் விரிப்பு போட்டு, நன்றாக மக்கிய எருவை மட்டும் கொட்டினால் பிழைக்கும். துத்தநாகம் காய்கறிக்குள் இறங்கிவிடுமோ என்று அம்மா பயந்தார். செடிக்கே சிறிதளவு தேவைப்படும் சத்து அது; மண் மிகவும் புளித்து அமிலமாகிப் போனாலொழியப் பூச்சிலிருந்து இறங்குவது பெரிய அளவல்ல. என் கவலை தகட்டின் ஆயுளைப் பற்றியது மட்டும்தான்.

பெட்டியில் வரும் பாத்திக்குப் பதில், சாத்தாங்காடு இரும்பு அங்காடியில் தகடு எடுத்துப் பட்டறையில் செய்துகொள்ளலாம். 0.8 மில்லிமீட்டர் தகடு கேட்டு வாங்கினால் உறுதியாக இருக்கும். அளவும் நம் விருப்பம். நான் விசாரிக்கப் போன பட்டறையில் இருந்த பெரியவர் தகட்டின் விலையைச் சொல்லவே இல்லை. "வீடு கடலுக்கு எந்தப் பக்கம் சார்?" என்று முதலில் கேட்டார். சொன்னதும், "அப்படியானால் வெல்டிங் வேண்டாம், ரிவெட் அடித்துத் தருகிறேன்" என்றார். வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்துவிடும், அங்கேதான் துரு முதலில் பிடிக்கும் என்பது அவர் அனுபவம். பெட்டிப் பாத்தி விற்றவர் எவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

துருவைவிடப் பெரிய சிக்கல் எடை. அதைப் பற்றி விளம்பரங்கள் மூச்சே விடுவதில்லை. பெட்டிப் பாத்திகள் தோட்டத்து மண்மேல் வைப்பதற்காக வடிவமைத்தவை. பெரும்பாலானவற்றுக்கு அடித்தகடு கிடையாது. நம்மிடம் இருப்பதோ மொட்டை மாடி. நான்கடிக்கு இரண்டடி, ஓரடி உயரப் பாத்தியில் ஏறக்குறைய 226 லிட்டர் கொள்ளும். செம்மண்ணைக் கொட்டி நனைத்தால் 380 கிலோ அளவுக்கு வரும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கூடுதலாகக் கலந்தால்கூட 200 கிலோ. ஆட்கள் ஏறி இறங்கும் மாடிக்கு இந்தியத் தர விதிகள் வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ; பாத்தி பிடிக்கும் இடத்துக்கு அது 110 கிலோ. விளம்பரத்தில் வரும் 32 அங்குல உயரப் பாத்தியை மாடியில் நிரப்பியவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான் குடியிருக்க மாட்டேன். எதை வைத்தாலும் சுவரும் பீமும் ஓடும் கோட்டின் மேல் வையுங்கள், நடுத்தளத்தில் வேண்டாம். ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. அங்கே பாத்தி என்ற பேச்சே கூடாது. ஏழெட்டுத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். கத்திரி வெயிலில் மாலை மூன்று மணிக்கு மேற்குப் பக்கத் தகட்டைத் தொட முடியாது. அந்த ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு அரைக்கீரை கருகிப்போனது. உட்பக்கம் சாக்கும் மேலே நிழல் வலையும் போட்டபின் அடுத்த வருடம் தப்பித்தது.

இனி நீலப் பிளாஸ்டிக் டிரம். 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு பாத்தி. ஒவ்வொன்றிலும் நூறு லிட்டருக்குக் குறைவாகவே கலவை பிடிக்கும். துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பெட்டிப் பாத்திக்குக் கொடுத்த பணத்தில் நான்கைந்து டிரம் வாங்கிவிட்டேன். அழகில்லை என்பார்கள், வெண்டை ஏறி நின்றபின் டிரம்மை யார் பார்க்கிறார்கள்? பார்க்க வேண்டியது அதன் பூர்வீகத்தை. மணலியைச் சுற்றி ரசாயனத் தொழிற்சாலைகள் இருப்பதால் பழைய டிரம்மில் எது வந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் முதலில் வாங்கியதில் பினாயில் நாற்றம். மூன்று நாள் கழுவியும் போகாமல், கடைசியில் துடைப்பம் வைக்கும் இடமாகிவிட்டது. பழக்கூழ், சமையல் எண்ணெய் என்று லேபிள் ஒட்டியபடி இருப்பதை மட்டும் வாங்குங்கள். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அறுத்தபின் அடியில் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டால் மழைத்தண்ணீர் தேங்காது.

பச்சை நிற வளர்ப்புப் பைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு, எடை குறைவு, வாடகை வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். எங்கள் வெயிலில் இரண்டாவது கோடைக்குள் நார்நாராகப் பிரிந்து, அந்தப் பிளாஸ்டிக் நார் மண்ணோடு கலந்துவிடுகிறது. கீரைக்குச் சரி, கத்தரி, மிளகாய் போல ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடிக்கு நான் வைக்க மாட்டேன்.

ஆகவே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளுக்கு, மாடியானால் டிரம்தான் என் ஓட்டு. மாதவரம், கொளத்தூர், பெரம்பூரில் வீட்டைச் சுற்றி நான்கடி மண் கிடப்பவர்கள் தகரப் பாத்தியைத் தைரியமாக வாங்கலாம்; கால்வலூமா, பூச்சு எத்தனை கிராம் என்று கேட்டு, பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

என் பாத்தியைச் சென்ற தை மாதம் பிரித்து, குட்டி யானையில் ஏற்றித் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். அரித்துப்போன அடியை அரையடி மண்ணுக்குள் புதைத்து, துருப்பிடித்த பக்கத்தை மதில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். சர்க்கரைவள்ளிக் கொடி அதை முக்கால்வாசி மூடிவிட்டது.